‘ஒன்றும் வேண்டாம்’ என்றேன், அவரும் வாங்கவில்லை!

கேள்வி: ஆண்டுதோறும் நவம்பர் பாதியில் தொடங்கி கிறிஸ்துமஸ் முடியும்வரை என் தலைக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாருக்கு என்ன வாங்குவது, யாரை விட்டுவிட்டோம், போன வருடம் என்ன கொடுத்தோம் என்று. இவ்வளவு பாடுபட்டும் அந்த நாளில் எனக்கு மிஞ்சுவது ஏமாற்றம்தான். போன முறை மாமியாருக்கு நல்ல கம்பளிச் சால்வை ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். “எதுக்கும்மா இதெல்லாம்” என்று சொல்லி பீரோவில் வைத்தவர்தான், இன்றுவரை அதன் மடிப்புக் கலையவில்லை. ஐந்து வயது மகனுக்கு ரிமோட் கார். அவன் காரை ஓரமாக வைத்துவிட்டு, அது வந்த அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து சாயங்காலம்வரை விளையாடினான். 12 வயது மகள் பொட்டலத்தைப் பிரித்தாள், “தேங்க்ஸ்மா” என்றாள், எழுந்து போய்விட்டாள். எனக்கு என்ன வேண்டும் என்று கணவர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவரும் ஒன்றும் வாங்கவில்லை! நாத்தனார் மட்டும் எப்போதும் நாங்கள் கொடுப்பதைவிட இரண்டு மடங்கு விலையில் எதையாவது கொடுத்து என்னைக் கூச வைக்கிறார். ராத்திரி பாத்திரம் கழுவும்போது, நாள் எப்போது வந்தது எப்போது போனது என்றே தெரியவில்லை. சின்ன வயதில் இருந்த அந்தச் சந்தோஷம் எங்கே போனது? எனக்குள் ஏதாவது கோளாறா?

மனநல ஆலோசகர் பதில்:

கோளாறு ஒன்றும் இல்லை. களைப்பு இருக்கிறது, கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கிறது, அப்புறம் கடிதத்தை இவ்வளவு சுவையாக எழுதும் அளவுக்கு நகைச்சுவையும் மிச்சம் இருக்கிறது. அந்த மூன்றாவதை வைத்துக்கொண்டே மற்ற இரண்டையும் பார்க்கலாம்.

முதலில் உங்கள் மகன். அவன்மீது வழக்கே இல்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் விளையாட்டுக்கென்றே ‘தி ஸ்ட்ராங்’ என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் கைவிடாத பொம்மைகளைத் தேர்ந்தெடுத்து, ‘தேசியப் பொம்மைகள் புகழ்க்கூடம்’ என்று அங்கே ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். 2005-இல் அந்த வரிசையில் இடம் பிடித்தது வெறும் அட்டைப்பெட்டி. 2008-இல் மரக்குச்சி. 2011-இல் போர்வை. ரிமோட் கார் கடைசிவரை காராகத்தான் இருக்க முடியும். பெட்டியோ காலையில் கப்பல், மத்தியானம் கடை, சாயங்காலம் சிறைச்சாலை. பையன் சரியான பொருளைத்தான் எடுத்திருக்கிறான். நீங்கள் கொடுத்தது கார் என்று நீங்கள் நினைத்தீர்கள், பெட்டி என்று அவன் நினைத்தான். நாள் முழுக்க விளையாடினானா இல்லையா? அந்தப் பரிசு பலித்துவிட்டது.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மாமியார் வாங்கிக்கொண்டு என்ன சொன்னார், மகள் பிரித்துவிட்டு எப்படிப் போனாள், மகன் பிரித்ததும் எதைத் தொட்டான். ஒவ்வொரு பரிசின் கதையையும் அது பிரிக்கப்பட்ட நிமிடத்தை வைத்தே எழுதியிருக்கிறீர்கள். எதிரே இருப்பவரின் முகத்தில்தான் தீர்ப்பைத் தேடியிருக்கிறீர்கள்.

நீங்கள் மட்டுமில்லை, கொடுக்கிற எல்லோரும் இப்படித்தான். ஜெஃப் கலாக், ஜூலியன் கிவி, எலனோர் வில்லியம்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், பரிசு பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கொடுப்பவர் மனத்தில் பொட்டலம் பிரியும் அந்த ஒரு நொடி நிற்கிறது, வாங்குபவர் மனத்திலோ அந்தப் பொருளோடு இனி வரப்போகும் நாட்கள் நிற்கின்றன என்பது அதன் சாரம். அதனால்தான் ‘அட!’ என்று வாய் பிளக்க வைக்கும் பொருளைத் தேடி நாம் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். அவர்களுக்கோ தினமும் கைக்கு உதவுகிற ஒன்று கிடைத்தால் போதும் என்றிருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அடெல் யாங், ஒலெக் உர்மின்ஸ்கி இருவரும் இதற்குப் ‘புன்னகை தேடல்’ என்ற பொருளில் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். எதைக் கொடுத்தால் நெடுநாள் நிறைவு என்பதைவிட, எதைக் கொடுத்தால் அந்த நேரத்தில் முகம் மலரும் என்பதைப் பார்த்தே பல நேரங்களில் பரிசைத் தேர்ந்தெடுக்கிறோமாம்.

இதில் ஒரு சிக்கல். முகம் நம்பத் தகுந்த சாட்சி இல்லை. ஒரு பேனாவுக்கே கண் கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டையே எழுதிக் கொடுத்தாலும் புருவம் அசையாதவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மாமியார் இரண்டாவது ரகம் என்று நினைக்கிறேன். “எதுக்கும்மா இதெல்லாம்” என்பது அந்தத் தலைமுறையின் அகராதியில் நன்றிக்கு மிக அருகில் இருக்கும் சொல். நல்ல பொருள் அரிதாக இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள், நல்ல பொருளை நல்ல நாளைக்கு என்று எடுத்து வைப்பார்கள். எந்த நாளும் அதற்குப் போதிய அளவு நல்ல நாளாக அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை.

என் பெரியம்மா இதில் ஒரு நிபுணர். அவருடைய பீரோவில் ஒரு தட்டு முழுக்கப் பரிசுகள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஒரு துண்டுச் சீட்டு தொங்கும், அதில் கொடுத்தவர் பெயரும் வருடமும் இருக்கும். யார் வீட்டுக்கு வந்தாலும் சாவியை எடுத்துவந்து தட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டுவார். விளக்கு எரிந்ததில்லை, பையில் எதையும் போட்டதில்லை, மேசை விரிப்பு மேசையைப் பார்த்ததில்லை. “பயன்படுத்தினால் என்ன பெரியம்மா?” என்று கேட்டால் வரும் பதில்: “அது அவ ஆசையாக் கொடுத்தது. அதைப் போய் எப்படிப் பயன்படுத்தறது?”

ஆக, மடிப்புக் கலையாத சால்வையை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அது பீரோவுக்குள்ளேயே கிடப்பது உங்களுக்கு உறுத்தினால், மடிப்பை நீங்களே கலைத்துவிடுங்கள். குளிராக இருக்கும் ஒரு சாயங்காலம் அதை எடுத்து, விலைச் சீட்டைக் கத்தரித்துவிட்டு, அவர் தோளில் போட்டுவிட்டு, வேறு ஏதோ பேசிக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். “ஏன் போட்டுக்கவே இல்லை?” என்ற கேள்வி மட்டும் வேண்டாம், அதற்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு காரணம் தேவைப்படும். அடுத்த முறை எடுத்து வைக்கவே முடியாத ஒன்றைக் கொடுங்கள். ஓடாமல் கிடக்கும் அவருடைய ரேடியோவைச் சரிசெய்து கொடுப்பது, பழைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டிக் கொடுப்பது, அவர் பார்க்க ஆசைப்படும் பழைய தோழி வீட்டுக்கு ஒரு மத்தியானம் கூட்டிப் போவது. எதையும் பூட்டி வைக்க முடியாது.

ஒருவேளை அந்தச் சால்வை என்றாவது வேறு யார் தோளிலாவது தென்பட்டால்? அதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. கேப்ரியல் ஆடம்ஸ், ஃபிரான்சிஸ் ஃபிளின், மைக்கேல் நார்ட்டன் ஆகியோர் 2012-இல் கைமாறும் பரிசுகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். தான் வாங்கிய பரிசை இன்னொருவருக்குக் கொடுத்தவர்கள், முதலில் கொடுத்தவர் ரொம்பவே புண்பட்டுப் போவார் என்று பயந்தார்கள். முதலில் கொடுத்தவர்களோ அந்த அளவுக்குப் புண்படவில்லை. கொடுத்த பிறகு அது அவர்கள் பொருள், அவர்கள் இஷ்டம் என்றே அவர்களுக்குத் தோன்றியது. நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டால் பாதி பாரம் குறையும்.

மகளின் “தேங்க்ஸ்மா” பற்றி அதிகம் கவலைப்பட மாட்டேன். 12 வயதில் எல்லோர் முன்னாலும் முகத்தைக் காட்டிச் சந்தோஷப்படுவது பெரிய தண்டனை. அவளுக்கு வாங்கித் தருவதைவிட, கொடுக்கும் பக்கத்தில் அவளை நிறுத்திப் பாருங்கள். அக்னின், ஹாம்லின், டன் ஆகிய மூவர் 2012-இல் இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குழந்தைகள் தின்பண்டம் வாங்கிக்கொண்டபோது இருந்ததைவிட, ஒரு பொம்மைக்கு அதைக் கொடுத்தபோது முகத்தில் மகிழ்ச்சி கூடுதலாகத் தெரிந்தது. அதிலும் தங்கள் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோதுதான் அதிகம். நம் வீடுகளில் கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகளை வாங்கிக்கொள்ளும் வரிசையிலேயே உட்கார வைத்துவிட்டு, கொடுக்கும் சந்தோஷத்தை நாமே வைத்துக்கொள்கிறோம். அப்புறம் பிள்ளைகளுக்கு நன்றி தெரியவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

பாட்டிக்கு என்ன வாங்குவது என்ற முடிவை மகளிடம் விட்டுவிடுங்கள். ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இரண்டாவதுதான் கஷ்டம். சின்னவனுக்குக் காசு தேவையில்லை. என் தம்பி மகள் அந்த வயதில் எனக்கு ஒரு பரிசு கொடுத்தாள். பாதி தேய்ந்த ஒரு பென்சில், அவளுடையதுதான். அதைச் சுற்றிச் செலோடேப், செலோடேப், மேலும் செலோடேப். கத்தரிக்கோல் இல்லாமல் உள்ளே போகவே முடியவில்லை. நான் வெட்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்க என் முழங்கையில் மூக்கு உரசும் தூரத்தில் நின்றுகொண்டு, “பாத்து அத்தை, உடைஞ்சிடும்” என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு மேலே சொன்ன ஆய்வே தேவைப்படாது.

பொட்டலம் என்றதும் நினைவு வருகிறது, சுற்றுவதற்காக நீங்கள் ராத்திரி கண் விழிக்கிறவராக இருந்தால் அதை நிறுத்திக்கொள்ளலாம். இன்றைய வண்ணப் பரிசுக் காகிதம் பரவியதே ஒரு தட்டுப்பாட்டில்தான். 1917-இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹால் சகோதரர்களின் கடையில், கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் மெல்லிய டிஷ்யூ காகிதம் தீர்ந்துபோனது. கடிதஉறைகளின் உள்ளே ஒட்ட வைத்திருந்த பூப்போட்ட காகிதத்தை எடுத்து விற்றார்கள், அது சட்டென்று விற்றுத் தீர்ந்தது. பின்னாளில் ஹால்மார்க் என்று பெயர் பெற்ற நிறுவனம் அதுதான். சரி, அழகாகச் சுற்றினால் பரிசு அதிகம் பிடிக்குமா? 2020-இல் வந்த ஓர் ஆய்வு சிரிக்க வைக்கிறது. ஜெசிகா ரிக்சம், எரிக் மாஸ், பிரெட் ரிக்சம் ஆகியோர் செய்தது. நண்பர்களிடமிருந்து வரும்போது, கசங்கலாகச் சுற்றிய பரிசுதான் மக்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. அழகாகச் சுற்றியதைப் பார்த்தவுடன் உள்ளே ஏதோ பெரிதாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு ஏறிவிடுகிறது, பிரித்ததும் இறங்கிவிடுகிறது. அதிகம் பழகாதவர்களுக்குக் கொடுக்கும்போது மட்டும் நேர்த்திக்கு மதிப்பு இருந்தது. நான் சுற்றும் பொட்டலங்கள் கட்டுப் போட்ட கால் மாதிரி இருக்கும். இந்த ஆய்வு வந்ததிலிருந்து தலை நிமிர்ந்து கொடுக்கிறேன்.

இனி உங்கள் கணவருக்கு வருவோம். “ஒன்றும் வேண்டாம்.”

டிசம்பர் முடிந்து ஜனவரி தொடங்கும் சமயத்தில் எங்கள் ஆலோசனை அறைக்கு ஜோடி ஜோடியாக வந்து உட்காரும் வாக்கியம் இது. அப்படி வந்த ஒரு தம்பதியின் பேச்சை, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். கணவர் உண்மையிலேயே குழம்பிப்போய் இருந்தார். “கேட்டேன் மேடம். வேண்டாம்னு சொன்னா. வேண்டாம்னு சொன்னதுக்கப்புறமும் வாங்கிட்டு வந்தா, நான் சொல்றதை நீ காதுலயே வாங்கறதில்லைன்னு சொல்ல மாட்டாளா?” மனைவி என்னைப் பார்த்துச் சொன்னார்: “மூணு மாசமா காதறுந்த பையைத் தூக்கிட்டு இவர் கண்ணு முன்னாடிதான் மேடம் அலையறேன். அது கண்ணுல படலையா?” கணவர் சட்டென்று நிமிர்ந்தார். “பட்டுதே! அதுக்குத்தானே சேஃப்டி பின் வாங்கிட்டு வந்தேன்!” அந்த அம்மாவுக்குக் கோபத்தை விட முடியவில்லை, சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

‘ஒன்றும் வேண்டாம்’ என்று சொல்லும்போது நாம் மனத்தில் வைத்திருப்பது ‘நான் சொல்லாமலேயே உனக்குத் தெரியட்டும்’ என்பது. நியாயமான ஆசைதான். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு வந்து சேர்வது அந்த இரண்டு சொற்கள் மட்டுமே. சொல்லி வாங்கினால் சுவாரசியம் போய்விடும் என்று பலரும் என்னிடம் சொல்வார்கள். அப்படியானால் பாதி சொல்லுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே பிடிக்கும் மூன்றைச் சொல்லுங்கள், மூன்றும் வேறு வேறு அளவில் இருக்கட்டும். ஒன்று கொஞ்சம் செலவானது. ஒன்று சின்னது. மூன்றாவது காசே இல்லாதது, உதாரணமாக, அன்று ராத்திரிப் பாத்திரம் முழுக்க அவருடையது, நீங்கள் சமையலறைப் பக்கமே வர மாட்டீர்கள். எது வரும் என்பது கடைசிவரை உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம் இருக்காது. என் அனுபவத்தில், வாங்கித் தர மனமில்லாதவர்களைவிட, தவறாக வாங்கிவிடுவோம் என்று பயந்து ஒன்றுமே வாங்காதவர்கள்தான் அதிகம்.

சின்ன வயதுச் சந்தோஷம் எங்கே போனது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கேள்விகளில் கனமானது இதுதான்.

ஒரு பகுதிக்கு விடை சுலபம். அந்த நாட்களில் பட்டியல் எழுதியது வேறு யாரோ. காலையில் நீங்கள் கண் விழித்தபோது எல்லாம் தானாக நடந்திருந்ததாகத் தோன்றியது, ஏனென்றால் முந்தின இரவு உங்கள் அம்மா தூங்கவில்லை. இன்றைக்கு நீங்கள் மேடைக்குப் பின்னால் இருக்கிறீர்கள். நாடகம் நன்றாகத்தான் நடக்கிறது, உட்கார்ந்து பார்க்க உங்களுக்கு நேரமில்லை. இந்தக் களைப்பு புதிதும் இல்லை. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்ற அதிகாரி, பதில் எழுத வேண்டிய பண்டிகைக் கடிதங்கள் மேசையில் குவிந்து கிடப்பதைப் பார்த்து மலைத்துப் போனார். ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொல்லி, வாழ்த்தையும் சேர்த்து அச்சடித்து, பெயரை மட்டும் எழுதி அனுப்பினார். முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்று இன்று கொண்டாடப்படுவது அதுதான். மிச்சத்தை ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார்கள். வேலையைக் குறைக்க ஒரு மனிதர் கண்டுபிடித்த வழி, அடுத்து வந்த தலைமுறைகளுக்கு ஒரு டிசம்பர் வேலையானது. இதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

இன்னொரு பகுதி காத்திருப்பு. சிறுவயதில் வாரக்கணக்கில் காத்திருந்தோம், வருடத்துக்கு ஒரு முறைதான் கிடைத்தது. ஜோர்டி குவாட்பாக், எலிசபெத் டன் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடாமல் இருந்தவர்கள் மறுபடி சாப்பிட்டபோது அதை அதிகம் ரசித்தார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடச் சொல்லி நிறையக் கொடுத்தனுப்பப்பட்டவர்களுக்கு அந்த ருசி இல்லை. வீட்டில் இதை நடைமுறைப்படுத்துவது எளிது: எல்லாப் பொட்டலங்களையும் ஒரே மூச்சில் பிரிக்க விடாதீர்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, மறுநாளுக்கு ஒன்று. முதல் மணி நேரம் பிள்ளைகள் உங்களைத் திட்டுவார்கள். பரவாயில்லை.

பெரியவர்களுக்கும் காத்திருப்பில் பங்கு உண்டு. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் ஜெரோன் நவைன் குழுவினர் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு விடுமுறைப் பயணம் பற்றியது என்றாலும் இங்கே பொருந்தும். பயணம் போகப்போகிறவர்கள், போகாதவர்களைவிடப் புறப்படுவதற்கு முன்பே அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு பெரும்பாலானோரிடம் அந்த வித்தியாசம் இல்லை. அதாவது, இன்பத்தின் பெரும்பகுதி முன்னாலேயே இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது அந்தப் பட்டியல் ஓடும் நவம்பர், டிசம்பர். அந்த மாதத்தைத்தான் நீங்கள் கணக்குப் பிள்ளை வேலைக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

பட்டியலைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன். அதில் பொருளின் பெயரை எழுதும் இடத்தில், அந்த ஆளைப் பற்றி நீங்கள் கவனித்த ஒன்றை எழுதிப் பாருங்கள். ‘மூக்குக் கண்ணாடியைத் தினமும் தேடுகிறார்.’ ‘இப்போதெல்லாம் பறவைகளைப் பற்றியே பேசுகிறான்.’ ‘கை வலிக்கிறது என்று அன்று போனில் சொன்னாள்.’ இதை டிசம்பரில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை, வருடம் முழுக்கப் போனில் ஒரு குறிப்பாகச் சேர்த்துக்கொண்டே வரலாம். கண்ணாடிக்காரருக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு போதும். சிலருக்கு எதிரே எதுவுமே எழுத வராது. அவர்களுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினால் போதும், பரிசு தேவையில்லை என்று அர்த்தம். பட்டியல் தானாகவே சுருங்கும்.

நாள் கையை விட்டுப் போவதைப் பற்றி. முழு நாளையும் ரசிக்க வேண்டும் என்று நினைத்தால் ஒன்றையும் ரசிக்க முடியாது. உங்களுக்கென்று ஒரு துண்டு நேரத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் எழுவதற்கு முந்தைய அரைமணியாக இருக்கலாம், சின்னவன் பெட்டிக்குள் இருக்கும் நேரமாக இருக்கலாம். அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து போய் எதையும் எடுத்து வர மாட்டீர்கள், அவ்வளவுதான் விதி. கேட்பவர்களிடம் “நீயே போய் எடுத்துக்கோ” என்று சொல்லலாம். வீடு இடிந்துவிடாது.

போனை ஒதுக்கி வையுங்கள் என்று அடுத்து சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை. கிறிஸ்டின் டீல், கேல் சாபர்மன், அலிக்சாண்ட்ரா பராஷ் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், படம் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அந்த அனுபவத்தில் அதிகம் ஒன்றிப்போய், அதிகம் ரசித்தார்கள். எதைப் படம் எடுக்கலாம் என்று தேடும்போது கண் கூர்மையாகிறது. ஆனால் அதே குழுவினர் 2018-இல் இன்னொன்றும் கண்டார்கள்: மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்தவர்களுக்கு அந்த இன்பம் குறைந்துபோனது, நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற யோசனை நடுவில் புகுந்துவிட்டது. ஆகவே எடுங்கள், யாருக்கும் அனுப்பாமல் வைத்திருங்கள். ஒரு வாரம் கழித்து வேண்டுமானால் அனுப்பிக்கொள்ளலாம். எல்லோரும் வரிசையாக நின்று பல்லைக் காட்டும் படத்தைவிட, காலடியில் கிழிந்து கிடக்கும் காகிதத்தையும் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குட்டிக் காலையும் எடுங்கள் என்பது என் சொந்தச் சிபாரிசு.

ஒரு வார்த்தை கவனமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது பண்டிகைக் களைப்பு. பண்டிகை முடிந்து வாரங்கள் ஓடிய பிறகும் மனம் கனத்தே இருந்தாலோ, தூக்கமோ பசியோ கெட்டுப்போனாலோ, வழக்கமாகப் பிடிக்கும் எதுவுமே பிடிக்காமல் போனாலோ அது வேறு விஷயம். அப்போது கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்காமல், நேரில் ஒரு மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள்.

கடைசியாக, உங்கள் நாத்தனார். விலையைப் பற்றி ஃபிளினும் ஆடம்ஸும் 2009-இல் செய்த ஆய்வு உங்களுக்கு ஆறுதல் தரும். அதிக விலை கொடுத்து வாங்கினால் அதிகம் பாராட்டுவார்கள் என்று கொடுப்பவர்கள் நம்புகிறார்கள். வாங்கியவர்களின் பாராட்டுக்கும் விலைக்கும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், அவர் கொடுத்த விலையுயர்ந்த பொருள் உங்களுக்குக் கூச்சத்தைத் தவிர வேறு என்ன கொடுத்தது? அவரும் ஒருவேளை உங்கள் பரிசைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை குறைவாகப் போய்விடக் கூடாது என்று பயந்தே விலையை ஏற்றிக்கொண்டிருக்கலாம். இப்படி இருவரும் மாறி மாறி ஏணியில் ஏறிக்கொண்டிருப்பதை யாராவது ஒருவர் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

தைரியத்துக்கு ஒரு முன்னுதாரணம் சொல்கிறேன். 1912-இல் நியூயார்க்கில் எலனோர் ராப்சன் பெல்மான்ட், ஆன் மார்கன் என்ற இரண்டு பெண்கள் ‘பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மேலதிகாரிகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கச் சொந்தச் சம்பளத்திலிருந்து பணம் போட வேண்டியிருந்த கடைப் பணிப்பெண்களுக்காகத்தான். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே அதில் சேர்ந்தார். அவர்கள் பரிசுக்கு எதிரிகள் இல்லை. கட்டாயத்துக்கு மட்டுமே எதிரிகள்.

உங்களுக்குச் சங்கமெல்லாம் தேவையில்லை, ஒரு போன் போதும். “அண்ணி, இந்தத் தடவை பெரியவங்க எல்லாரும் பேரைச் சீட்டில எழுதிக் குலுக்கி, ஆளுக்கு ஒருத்தருக்கு மட்டும் வாங்கலாமா? இவ்வளவுக்குள்ளனு ஒரு தொகையும் வெச்சுக்கலாம், எனக்கு ஒவ்வொரு வருஷமும் மூச்சு முட்டுது” என்று உங்கள் பக்கத்துக் கஷ்டமாகவே சொல்லுங்கள். அவர் விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அவர் கொடுப்பதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, உங்களால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு, கணக்குப் பார்ப்பதை மட்டும் நீங்கள் நிறுத்திவிடுங்கள். இரண்டில் எதுவானாலும் பேச்சை நவம்பர் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 15-க்கு மேல் சொன்னால், “ஐயோ, நான் ஏற்கெனவே வாங்கிட்டேனே” என்பார். வாங்கியும் இருப்பார்.